ஜென்கின்ஸ்: வெப்ஹுக் போய்ச் சேர்கிறது, பில்டு ஓடவில்லை, இரவு பில்டு காலை 7.30க்கு ஓடுகிறது

தென்றல்77:

வணக்கம். ஜென்கின்ஸ் (கோடு மாறினால் தானாகப் பில்டு, டெஸ்ட் ஓட்டும் சிஐ மென்பொருள்) எல்டிஎஸ் பதிப்பு, உபுண்டு சர்வர், 4 கோர், 8 ஜிபி, முன்னால் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ். சுமார் 40 ஜாப் இருக்கின்றன. பெரும்பாலும் பைப்லைன் (படிகளைக் கோடாக எழுதும் வகை), நாலைந்து மட்டும் பழைய ஃப்ரீஸ்டைல் (அமைப்புப் பக்கத்தில் நிரப்பும் வகை). கோடு முழுக்க கிட்ஹப்பில், பிரைவேட் ரெப்போக்கள்.

இதுவரை எல்லா ஜாப்பிலும் போல் எஸ்சிஎம்தான் (கோடு மாறியிருக்கிறதா என்று ஜென்கின்ஸே அவ்வப்போது போய்ப் பார்ப்பது), அட்டவணை */5 * * * *. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிபியு 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது, அந்த நேரத்தில் பக்கமே திறப்பதில்லை. அதனால் வெப்ஹுக்குக்கு (புஷ் வந்ததும் கிட்ஹப்பே ஜென்கின்ஸுக்குச் செய்தி அனுப்புவது) மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிக்கியிருக்கும் இடங்கள்:

1. ஒரு ரெப்போவில் வெப்ஹுக் சேர்த்துப் புஷ் செய்தால், டெலிவரி பட்டியலில் 302 வருகிறது. பில்டு இல்லை.

2. இன்னொரு ரெப்போவில் 200, பச்சை டிக். அங்கேயும் பில்டு இல்லை.

3. இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய முழு டெஸ்ட் ஜாப் (0 2 * * *) சரியாகக் காலை 7.30க்கு ஓடுகிறது. ஆட்கள் வந்து உட்காரும்போது எக்ஸிக்யூட்டர் (ஒரு பில்டு ஓடுவதற்கான இடம்) ஒன்றுகூடக் காலியாக இருப்பதில்லை.

4. ரிலீஸ் ஜாப் பதிப்பு எண்ணை ஏற்றி மெயின் கிளைக்கே கமிட் செய்து புஷ் செய்கிறது. அந்தப் புஷ்ஷும் வெப்ஹுக்காக வந்து ஜாப்பை மறுபடி கிளப்பிவிடுகிறது. கமிட் செய்தியில் "சிஐ ஸ்கிப்" என்று சதுர அடைப்புக்குள் போட்டால் ஜென்கின்ஸ் கண்டுகொள்ளவில்லை.

5. டெஸ்ட் குழுவின் ஸ்கிரிப்டிலிருந்து கர்ல் மூலம் ஒரு ஜாப்பைக் கிளப்ப வேண்டும். 403, "நோ வேலிட் க்ரம்ப்" என்கிறது.

எல்லாவற்றையும் மல்டிபிராஞ்சுக்கு (ஒவ்வொரு கிளைக்கும் ஜென்கின்ஸே தனி ஜாப் உருவாக்கும் வகை) மாற்றினால் தீருமா, இல்லை இப்படியே சரிசெய்யலாமா?

---

கூடல்நகர்:

302க்கு முகவரியோட கடைசி எழுத்தைப் பாருங்க. பேலோட் யுஆர்எல் பெட்டியில் ஜென்கின்ஸ் முகவரிக்குப் பின்னால் /கிட்ஹப்-வெப்ஹுக்/ இருக்கணும். அந்தக் கடைசி சாய்கோடு கட்டாயம். (பாதை, கட்டளை எல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் போடுறேன். நீங்க டைப் பண்ணும்போது ஆங்கிலம்.) சாய்கோடு இல்லைன்னா ஜென்கின்ஸ் "அந்தப் பக்கம் போ"ன்னு திருப்பிவிடும். பிரவுசரா இருந்தா பின்னாலேயே போகும். கிட்ஹப் போகாது, 302ன்னு குறிச்சு வெச்சுட்டு நின்னுடும். சாய்கோடு சரியா இருந்தும் 301, 302 வருதுன்னா, முகவரியை எச்டிடிபின்னு கொடுத்திருப்பீங்க, என்ஜின்எக்ஸ் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிட்டிருக்கும். கன்டென்ட் டைப்பை ஜேசன்ல வைங்க.

இதே பட்டியல்ல 404 வந்தா, ஒண்ணு கிட்ஹப் பிளகின் இல்லை, இல்லை உங்க ஜென்கின்ஸ் /ஜென்கின்ஸ் மாதிரி ஒரு முன்னொட்டுக்குக் கீழே ஓடுது, அதை முகவரியில் விட்டுட்டீங்க. 403 வந்தா முன்னால் நிக்கிற ப்ராக்ஸியோ ஃபயர்வாலோ தடுக்குதான்னு பாருங்க. டைம் அவுட்னா கிட்ஹப் உங்க சர்வரையே எட்டலை. 10 விநாடிக்குள்ள பதில் வரலைன்னா கிட்ஹப் இணைப்பை வெட்டிடும்.

இப்போ 200. இதுலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. 200ன்னா செய்தி ஜென்கின்ஸ் கைக்கு வந்தாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். வெப்ஹுக் கதவைத் தட்டுற ஆள் மாதிரி, உள்ளே வந்து பில்டைத் தொடங்கிவிடாது. அதுக்கு அப்புறம் நடக்குறது வரிசையா இது:

செய்தியில் இருக்கிற ரெப்போ பேரை எடுத்து, "கிட்ஹப் ஹுக் ட்ரிகர் ஃபார் கிட்எஸ்சிஎம் போலிங்" டிக் போட்ட ஜாப்களில் எதெது அந்த ரெப்போவைப் பயன்படுத்துதுன்னு ஜென்கின்ஸ் தேடும். கிடைச்ச ஜாப்பில் ஒரு தடவை போலிங் நடக்கும். ரிமோட்ல கிளையோட தலை எந்த கமிட்ல இருக்கு, கடைசியா பில்டு ஆன கமிட் எது, ரெண்டையும் ஒப்பிடும். வேற வேறயா இருந்தாத்தான் ஜாப் வரிசைக்குப் போகும். அங்கே அமைதி நேரம் (ஓடுறதுக்கு முன்னால சில விநாடி காத்திருப்பு) முடிஞ்சு, லேபிள் பொருந்துற எக்ஸிக்யூட்டர் காலியானதும் ஓடும்.

அதனால எந்தக் கண்ணி அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்கணும். ஜாப் பக்கத்தோட இடது பக்கப் பட்டியலில் "கிட்ஹப் ஹுக் லாக்" இருக்கும், திறந்து பாருங்க.

லாக் காலியா இருந்தா ஜாப்பையே ஜென்கின்ஸ் அடையாளம் காணலை. ட்ரிகர் டிக் இல்லாம இருக்கலாம். ஜாப்பில் இருக்கிற ரெப்போ முகவரி பொருந்தாம இருக்கலாம். இல்லைன்னா பைப்லைன் ஜாப் இன்னும் ஒரு தடவைகூட ஓடாம இருக்கலாம். பைப்லைன் எந்த ரெப்போவைப் பயன்படுத்துதுன்னு ஜென்கின்ஸுக்கு முந்தைய பில்டை வெச்சுத்தான் தெரியும். ஜென்கின்ஸ்ஃபைலுக்குள்ள (பைப்லைன் படிகள் எழுதியிருக்கிற ஃபைல்) ட்ரிகர் எழுதியிருந்தாலும் இதே கதைதான், அந்த ஃபைல் ஒரு தடவை ஓடினாத்தான் ட்ரிகர் பதிவாகும். புது ஜாப்பை ஒருமுறை கையால ஓட்டிவிடுங்க.

லாக்ல "நோ சேஞ்சஸ்"னு முடிஞ்சிருந்தா செய்தி வந்தது, ஒப்பிட்டது, ஆனா அது பார்க்கிற கிளை மாறலை. பிராஞ்ச் ஸ்பெசிஃபையர் இன்னும் */மாஸ்டர்னு இருக்கும், நீங்க மெயினுக்குப் புஷ் பண்ணியிருப்பீங்க. லாக்லயே எந்தக் கிளையோட தலை, எந்த பில்டு எண் ஏற்கெனவே அதைக் கட்டியிருக்குன்னு வரி வரியா இருக்கும்.

"சேஞ்சஸ் ஃபவுண்ட்"னு இருந்தும் ஓடலைன்னா ட்ரிகரை விட்டுட்டு எக்ஸிக்யூட்டர் பக்கம் போங்க.

---

சர்வர்_அறை:

மூன்றாவது கேள்விக்கு: சர்வர் யுடிசி நேரத்தில் ஓடுகிறது. யுடிசி 2 மணி என்றால் இந்திய நேரம் 7.30. சர்வரின் நேர மண்டலத்தை மாற்றத் தேவையில்லை, மாற்றவும் வேண்டாம். மற்ற சேவைகளின் லாக் எல்லாம் குழம்பும். அட்டவணைப் பெட்டியின் முதல் வரியில் டிஇசட்=ஏசியா/கொல்கத்தா என்று எழுதி, அடுத்த வரியில் அட்டவணையை வையுங்கள். டி, இசட் இரண்டும் பெரிய எழுத்து. பெட்டிக்குக் கீழேயே "கடைசியாக இந்த நேரத்தில் ஓடியிருக்கும், அடுத்து இந்த நேரத்தில் ஓடும்" என்று ஜென்கின்ஸ் காட்டுகிறது. சேமிக்குமுன் அந்த வரியைப் படித்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

ஜென்கின்ஸ்ஃபைலில் எழுதுவதாக இருந்தால் ஒரு நுணுக்கம். க்ரான் அடைப்புக்குள் மூன்று மேற்கோள் போட்டு இரண்டு வரியாக எழுத வேண்டும். மூன்று மேற்கோளைத் திறந்த அதே வரியில், இடைவெளி விடாமல் டிஇசட் தொடங்க வேண்டும். அழகுக்காக என்டர் தட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் முதல் வரி வெற்று வரியாகிவிடும். டிஇசட்டை முதல் வரியில் மட்டும்தான் ஜென்கின்ஸ் நேர மண்டலமாகப் படிக்கும். இரண்டாவது வரியில் வந்தால் அட்டவணைப் பிழை என்று சொல்லிவிடும்.

அடுத்து, நட்சத்திரம். 40 ஜாப்பிலும் */5 என்று எழுதினால் 0, 5, 10 ஆகிய நிமிடங்களில் 40 ஜாப்பும் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் கிட் எல்எஸ்-ரிமோட் (ரிமோட்டின் கிளைத் தலைகளைக் கேட்கும் கட்டளை) ஒன்றைக் கிளப்பும். உங்கள் சிபியு குத்திட்டு ஏறுவது இதனால்தான். அதற்குப் பதிலாக எச்/5 * * * * என்று எழுதுங்கள், பெரிய எழுத்து எச். ஜாப்பின் பெயரிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, ஒரு ஜாப்புக்கு 1, 6, 11 என்றும் இன்னொன்றுக்கு 3, 8, 13 என்றும் ஜென்கின்ஸே பிரித்துக் கொடுக்கும். எச் என்பது குலுக்கல் அல்ல. ஒரே ஜாப்புக்கு எப்போதும் அதே நிமிடம்தான் வரும்.

இரவு ஜாப்புக்கு எச் 2 * * * போதும், 2.00க்கும் 2.59க்கும் இடையே ஒரு நிமிடத்தில் ஓடும். * 2 * * * என்று எழுதிவிடாதீர்கள். அது அந்த ஒரு மணி நேரம் முழுவதும் நிமிடத்துக்கு ஒன்று என 60 முறை கிளப்பும். ஜென்கின்ஸ் எச்சரிக்கை காட்டும், ஆனால் சேமிக்கவிடாமல் தடுக்காது.

"பில்டு பீரியாடிக்கலி" வேறு, "போல் எஸ்சிஎம்" வேறு என்பதையும் ஒருமுறை எல்லா ஜாப்பிலும் சரிபாருங்கள். இரண்டுக்கும் அட்டவணை எழுதும் முறை ஒன்றே என்பதால் இடம் மாற்றி எழுதிவிடுவது சுலபம். முன்னது கோடு மாறினாலும் மாறாவிட்டாலும் ஓடும், பின்னது மாறியிருந்தால்தான் ஓடும். இரவு டெஸ்ட்டுக்கு முன்னது சரி. கோடு மாறாத நாளிலும் வெளி நூலகமோ டெஸ்ட் சூழலோ மாறியிருக்கலாம்.

என் கருத்து: எச் போட்டுச் சிதறவிட்டாலே இந்தச் சர்வர் 40 ஜாப்பைத் தாங்கும். மேனேஜ் ஜென்கின்ஸ், சிஸ்டம் பக்கத்தில் ஒரே நேரத்தில் எத்தனை போலிங் ஓடலாம் என்ற எண்ணும் இருக்கிறது, அதையும் கட்டுப்படுத்துங்கள். வெப்ஹுக்குக்காகச் சர்வரை வெளியுலகத்துக்குத் திறந்துவிடுவது எனக்கு உவப்பில்லை.

---

கூடல்நகர்:

போலிங்ல ஒரு குறை இருக்கு தோழரே. புஷ் பண்ணினவர் அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும், அதுக்குள்ள அடுத்த ரெண்டு பேர் புஷ் பண்ணியிருந்தா மூணும் சேர்ந்து ஒரே பில்டா ஓடும். உடைஞ்சா யாரோட கமிட்னு தேடணும். வெப்ஹுக்ல அந்த இடைவெளி ரொம்பக் குறையும்.

பாதுகாப்பு கவலை நியாயம்தான், ஆனா முழுச் சர்வரைத் திறக்க வேண்டாமே. என்ஜின்எக்ஸ்ல வெளியிலிருந்து /கிட்ஹப்-வெப்ஹுக்/ பாதைக்கு மட்டும், அதுவும் போஸ்ட் மட்டும் அனுமதிங்க. மற்ற எல்லாப் பாதையும் உள் வலையமைப்புக்கு மட்டும். கிட்ஹப்போட மெட்டா ஏபிஐயில் "ஹுக்ஸ்" தலைப்புல வெப்ஹுக் புறப்படுற ஐபி வரம்புகள் இருக்கு. அதை வெச்சு ஃபயர்வால் போடலாம், ஆனா பட்டியல் மாறும், அப்பப்போ புதுப்பிக்க ஒரு ஸ்கிரிப்ட் வேணும். அதைவிட முக்கியம் ரகசியச் சொல். வெப்ஹுக் பக்கத்துல சீக்ரெட் பெட்டியிலயும், ஜென்கின்ஸ்ல சிஸ்டம் பக்கம் கிட்ஹப் பகுதியில் ஷேர்ட் சீக்ரெட்டாவும் ஒரே சொல்லைக் கொடுங்க. கையொப்பம் பொருந்தாத செய்தியை பிளகினே தள்ளிடும்.

போலிங்கை மொத்தமா எடுத்துடாதீங்க, அதுல சர்வர்_அறை சொல்றதை ஒத்துக்கிறேன். ஜென்கின்ஸ் ரீஸ்டார்ட் ஆகிற நேரத்துல வந்த வெப்ஹுக் போனது போனதுதான். தோத்துப்போன டெலிவரியை கிட்ஹப் தானா மறுபடி அனுப்பாது, நாமதான் ரீடெலிவர் அழுத்தணும். அதனால எச் */4 * * *னு நாலு மணி நேரத்துக்கு ஒரு போலிங் வெச்சிருங்க. ரெண்டும் இருந்தா ரெண்டு தடவை ஓடுமோன்னு பயப்பட வேண்டாம். வெப்ஹுக்ல ஓடி முடிஞ்ச கமிட்டை போலிங் "ஏற்கெனவே கட்டியாச்சு"ன்னு விட்டுடும்.

---

தென்றல்77:

302 தீர்ந்தது, சாய்கோடுதான். இரவு ஜாப்பின் கீழ் வரியில் இப்போது இந்திய நேரம் 2.17 என்று காட்டுகிறது.

200 வரும் ரெப்போவில் ஹுக் லாக் காலி. ட்ரிகர் டிக் இருக்கிறது, ஜாப் பலமுறை கையால் ஓடியிருக்கிறது. முகவரி எஸ்எஸ்எச் வடிவம். ஒவ்வொரு ரெப்போவுக்கும் தனி டிப்ளாய் கீ (அந்த ஒரு ரெப்போவை மட்டும் திறக்கும் எஸ்எஸ்எச் சாவி) என்பதால், சர்வரின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் கிட்ஹப்-பில்லிங் என்று ஒரு மாற்றுப் பெயர் வைத்து, ஜாப்பில் கிட்@கிட்ஹப்-பில்லிங் என்று தொடங்கும் முகவரி கொடுத்திருக்கிறேன். அது காரணமாக இருக்குமா?

---

கூடல்நகர்:

அதேதான். வெப்ஹுக் செய்தியில் இருக்கிற முகவரியிலிருந்து மூணு துண்டு எடுக்கும்: ஹோஸ்ட், உரிமையாளர், ரெப்போ பேர். உங்க ஜாப் முகவரியிலிருந்தும் அதே மூணை எடுத்து ஒப்பிடும். எச்டிடிபிஎஸ்ஸா எஸ்எஸ்எச்சாங்கிறது பிரச்சினை இல்லை. ஆனா ஒரு பக்கம் ஹோஸ்ட் கிட்ஹப்.காம், உங்க பக்கம் கிட்ஹப்-பில்லிங். எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல என்ன இருக்குன்னு ஜென்கின்ஸ் பார்க்காது, அதுக்கு அது வேற ஹோஸ்ட்தான். குளோன் மட்டும் ஒழுங்கா நடக்கும், அதனால சந்தேகமே வராது.

மாற்றுப் பெயரே உங்களுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு டிப்ளாய் கீயையும் ஜென்கின்ஸ் கிரெடென்ஷியல்ஸ்ல தனித்தனியா "எஸ்எஸ்எச் யூசர்நேம் வித் பிரைவேட் கீ" வகையில் சேருங்க. ஜாப்பில் உண்மையான கிட்ஹப்.காம் முகவரியைக் கொடுத்து அதுக்கான கிரெடென்ஷியலைத் தேர்ந்தெடுங்க. முகவரியை மாத்தினதும் ஒருமுறை கையால ஓட்டுங்க.

கிட்ஹப்ல ரெப்போ பேரை மாத்தினாலும் இதே மாதிரி ஆகும். பழைய முகவரியில் குளோன் தொடர்ந்து நடக்கும், கிட்ஹப் திருப்பிவிடும். வெப்ஹுக் செய்தி மட்டும் புதுப் பேரோட வரும், பொருந்தாது. பேர் மாத்தின அன்னைக்கே ஜாப் முகவரியையும் மாத்திடுங்க.

---

பைப்லைன்_பொன்னி:

நான்காவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

கமிட் செய்தியில் "சிஐ ஸ்கிப்" என்ற சொல்லைப் பார்த்துப் பில்டைத் தவிர்ப்பது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் சிஐ போன்றவற்றில் உள்ளமைந்த வசதி. ஜென்கின்ஸுக்கு அது தானாகத் தெரியாது. எஸ்சிஎம் ஸ்கிப் என்ற பிளகின் போட்டால் வரும், ஆனால் அதிலும் பில்டு தொடங்கிய பிறகுதான் நிறுத்தப்படுகிறது.

கிட் பகுதியின் "அடிஷனல் பிஹேவியர்ஸ்" பட்டியலில் குறிப்பிட்ட பயனரின் கமிட்டைப் போலிங் புறக்கணிக்கும் வசதி இருக்கிறது. சிஐ கமிட் செய்யும் பயனர் பெயரை அதில் கொடுத்தால் சுற்று அறுந்துவிடும். பலரும் இதைத்தான் பரிந்துரைப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இதைப் போட்ட நொடியிலிருந்து போலிங் வேலை செய்ய ஒர்க்ஸ்பேஸ் (கோடை இறக்கி வைத்திருக்கும் ஃபோல்டர்) தேவைப்படுகிறது. சாதாரண போலிங் ரிமோட்டின் தலையை மட்டும் கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளும். இதிலோ யார் கமிட் செய்தார் என்று பார்க்க வரலாற்றையே இறக்கிப் படிக்க வேண்டும். ஃப்ரீஸ்டைல் ஜாப்பின் ஏஜென்ட் (பில்டு ஓடும் தனி இயந்திரம்) டாக்கர் கன்டெய்னராக வந்து போவதாக இருந்தால் ஒர்க்ஸ்பேஸ் எப்போதும் இருக்காது. உடனே "ஒர்க்ஸ்பேஸ் இல்லை, அதைப் பெறுவதற்காகப் புது பில்டு போடுகிறேன்" என்று லாக்கில் எழுதிவிட்டு ஒவ்வொரு போலிங்கிலும் பில்டைக் கிளப்பும். சுற்றை நிறுத்தப் போட்ட அமைப்பே புதிய சுற்றைத் தொடங்கிவைக்கும். குறிப்பிட்ட ஃபோல்டரில் மாற்றம் வந்தால் மட்டும் ஓட்டு என்ற வடிகட்டிக்கும் இதே நிபந்தனை உண்டு. மல்டிபிராஞ்ச் ஜாப்பில் இந்தப் போலிங் வடிகட்டிகளை நம்பவே கூடாது.

நல்ல வழி: சிஐ மெயின் கிளைக்கு கமிட் செய்யவே கூடாது. பதிப்பு எண்ணை ஃபைலில் ஏற்றி கமிட் செய்வதற்குப் பதிலாக, பில்டு வெற்றியடைந்ததும் அதே கமிட்டில் ஒரு டேக் (கமிட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) மட்டும் போட்டுப் புஷ் செய்யுங்கள். டேக் புஷ்ஷும் வெப்ஹுக்காக வரத்தான் செய்யும். ஆனால் கூடல்நகர் மேலே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள்: போலிங் நடக்கும், மெயின் கிளையின் தலை நகரவில்லை, "நோ சேஞ்சஸ்", முடிந்தது. எந்த வடிகட்டியும் வேண்டாம். பதிப்பு எண் தேவைப்படும் இடத்தில் அருகிலுள்ள டேக்கைச் சொல்லும் கிட் டிஸ்க்ரைப் கட்டளையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ஜாப்பில் ஆழமற்ற குளோன் (கடைசிக் கமிட்டை மட்டும் இறக்குவது), ஆழம் 1 என்று வைத்திருந்தால் பழைய டேக்குகள் இருக்காது, டிஸ்க்ரைப் தோற்கும். ரிலீஸ் ஜாப்பில் மட்டும் அதை நீக்கிவிடுங்கள்.

இத்தோடு தொடர்புள்ள இன்னொன்று. பகிர்வு நூலகம் (பல பைப்லைன்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு) பயன்படுத்துகிறீர்களா? ஜென்கின்ஸ்ஃபைலின் தலையில் @லைப்ரரி என்று ஒரு வரி இருந்தால், இயல்பாக அந்த நூலக ரெப்போவின் மாற்றங்களும் ஜாப்பின் மாற்றங்களாகவே கணக்கில் சேரும். நூலக ரெப்போவுக்கும் வெப்ஹுக் வைத்துவிட்டால், அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திப் புஷ் செய்தால்கூட 40 ஜாப்பும் ஒன்றாகக் கிளம்பும். சிஸ்டம் பக்கத்தில் நூலக அமைப்பில் "இன்க்ளூட் @லைப்ரரி சேஞ்சஸ் இன் ஜாப் ரீசன்ட் சேஞ்சஸ்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரு ஜாப்புக்கு மட்டும் வேண்டாம் என்றால் அந்த @லைப்ரரி வரியிலேயே சேஞ்ச்லாக் என்பதற்கு ஃபால்ஸ் கொடுக்கலாம்.

வெப்ஹுக்குக்கு மாறியதும் பில்டுகள் நெருக்கமாக வரும் என்பதால் ஆப்ஷன்ஸ் பகுதியில் சில வரிகள் சேருங்கள். டிசேபிள் கன்கரன்ட் பில்ட்ஸ், அதனுள் அபார்ட் ப்ரீவியஸ் ட்ரூ. ஒரே கிளையில் புதிய கமிட் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பில்டு நிறுத்தப்படும். டெஸ்ட் ஜாப்புக்கு இது அருமை. டிப்ளாய் செய்யும் ஜாப்பில் அபார்ட் ப்ரீவியஸ் போடவே போடாதீர்கள். பாதி சர்வரில் புதுப் பதிப்பும் பாதியில் பழையதுமாக நடுவில் நின்றுவிடும். அங்கே கன்கரன்ட் தடை மட்டும் போதும், அடுத்தது வரிசையில் காத்திருக்கட்டும். டைம் அவுட் 30 நிமிடம் என்பது போல் ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். தொங்கிப்போன ஒரு டெஸ்ட் எக்ஸிக்யூட்டரை இரவு முழுவதும் பிடித்து வைத்துக்கொள்ளும். லாக் ரொட்டேட்டரில் கடைசி 30 பில்டு போதும். 40 ஜாப்பின் பழைய லாக்கும் ஆர்ட்டிஃபேக்டும் சத்தமில்லாமல் டிஸ்க்கை நிரப்பும்.

அமைதி நேரம் இயல்பில் 5 விநாடி. ஒருவரே அடுத்தடுத்து நான்கு புஷ் செய்யும் பழக்கம் உள்ள குழுவென்றால் 30 ஆக்குங்கள். அந்த நேரத்துக்குள் வந்தவை வரிசையில் ஒன்றாக இணையும். வேறு வேறு அளவுருக்களோடு வந்த கோரிக்கைகள் மட்டும் இணையாது.

பில்டு ஓடுவதும் பக்கம் திறப்பதும் ஒரே 4 கோரில் என்றால் எந்த ட்ரிகர் வைத்தாலும் சர்வர் திணறும். உள்ளமைந்த நோடின் (ஜென்கின்ஸ் ஓடும் சர்வரே) எக்ஸிக்யூட்டர் எண்ணை 0 ஆக்கிவிட்டு, பில்டுகளைத் தனி ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள். இது பாதுகாப்புக்கும் நல்லது. அந்த நோடில் ஓடும் பில்டு ஸ்கிரிப்ட், ஜென்கின்ஸ் தன் ரகசியங்களை வைத்திருக்கும் ஃபைல்களையும் தொட முடியும்.

---

சர்வர்_அறை:

ஐந்தாவது கேள்வி. கர்லில் கடவுச்சொல் கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் க்ரம்ப் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சோதனைச் சொல்) கேட்கிறது. அந்தப் பயனரின் பக்கத்தில் ஒரு ஏபிஐ டோக்கன் உருவாக்கி, கடவுச்சொல் இருந்த இடத்தில் அதைக் கொடுங்கள். டோக்கனோடு வரும் கோரிக்கைக்கு க்ரம்ப் தேவையில்லை. இதற்காக, க்ரம்ப் கேட்கும் அந்த சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் பழைய பதிவுகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, அவற்றைப் பின்பற்றாதீர்கள். சொந்தக் கணக்கின் டோக்கனும் வேண்டாம். ஸ்கிரிப்டுக்கென்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, அந்த ஜாப்பில் படிக்கவும் பில்டு செய்யவும் மட்டும் உரிமை கொடுங்கள்.

ஜாப்பில் அளவுருக்கள் இருந்தால் பாதையின் கடைசியில் பில்டு அல்ல, பில்டுவித்பாராமீட்டர்ஸ். தவறாக வெறும் பில்டைக் கூப்பிட்டால் 400 வரும், "நத்திங் இஸ் சப்மிட்டட்" என்று. சரியாகக் கூப்பிட்டால் 201 வரும், உடன் லொக்கேஷன் என்ற தலைப்பில் ஒரு முகவரி. அது பில்டின் முகவரி அல்ல, வரிசையில் உங்கள் இடம். அதன் பின்னால் ஏபிஐ/ஜேசன் சேர்த்துச் சில விநாடிக்கு ஒருமுறை கேட்டால், பில்டு தொடங்கியதும் எக்ஸிக்யூட்டபிள் என்ற பகுதியில் பில்டு எண் தோன்றும். ஸ்கிரிப்ட் அந்த எண்ணைத்தான் பின்தொடர வேண்டும். "கடைசி பில்டு" என்று கேட்டால் வேறு யாரோ கிளப்பியதன் முடிவு கிடைத்துவிடும்.

ஜாப் அமைப்பில் "ட்ரிகர் பில்ட்ஸ் ரிமோட்லி" என்று தனி டோக்கன் வைக்கும் வழியும் உண்டு. அந்த டோக்கன் முகவரியிலேயே போவதால் என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாக்கில் அப்படியே பதிவாகும். நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

மல்டிபிராஞ்ச் பற்றி: புல் ரிக்வெஸ்ட்டுகளை இணைக்குமுன் சோதிக்க வேண்டும் என்றால் மாறுங்கள், அதற்காகவே அது இருக்கிறது. மேலே சொன்ன ஐந்தில் எதையும் அது தீர்க்காது. மாறும்போது வெப்ஹுக்கில் புஷ்ஷோடு புல் ரிக்வெஸ்ட் நிகழ்வையும் டிக் செய்ய வேண்டும். புஷ் மட்டும் இருந்தால் புதிதாகத் திறந்த புல் ரிக்வெஸ்ட் அடுத்த ஸ்கேன் வரை ஜென்கின்ஸுக்குத் தெரியாது.

---

தென்றல்77:

மாற்றுப் பெயரை நீக்கி கிரெடென்ஷியலுக்கு மாற்றியதும் இரண்டாவது ரெப்போவும் ஓடுகிறது, கன்சோலின் முதல் வரியில் "ஸ்டார்ட்டட் பை கிட்ஹப் புஷ்" என்று வந்துவிட்டது. ரிலீஸ் ஜாப்பை டேக்குக்கு மாற்றிவிட்டேன். ஏபிஐ டோக்கனும் வேலை செய்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. ஒரு பைப்லைன், தன் சொந்த ரெப்போவில் யாரும் புஷ் செய்யாதபோதும் நாளில் பலமுறை "ஸ்டார்ட்டட் பை கிட்ஹப் புஷ்" என்று ஓடுகிறது. பகிர்வு நூலகம் இந்த ஜாப்பில் இல்லை. உள்ளே ஒரு ஸ்டேஜில் டெஸ்ட் தரவு இருக்கும் வேறொரு ரெப்போவை இறக்குகிறது.

---

பைப்லைன்_பொன்னி:

அந்த இறக்கம்தான். பைப்லைனுக்குள் கிட் அல்லது செக்அவுட் படியால் இறக்கும் ஒவ்வொரு ரெப்போவும் ஜாப்பின் போலிங் பட்டியலில் சேர்ந்துவிடும். டெஸ்ட் தரவு ரெப்போவிலிருந்தும் வெப்ஹுக் வருகிறது, தலை மாறியிருக்கிறது, ஜாப் ஓடுகிறது. ஹுக் லாக்கைத் திறந்தால் "சேஞ்சஸ் ஃபவுண்ட்" அந்த ரெப்போவின் கீழ் இருக்கும்.

அந்தப் படியில் போல் என்பதற்கு ஃபால்ஸ், சேஞ்ச்லாக் என்பதற்கும் ஃபால்ஸ் கொடுங்கள். முதலாவது ட்ரிகரை நிறுத்தும். இரண்டாவது, தரவு ரெப்போவின் கமிட்டுகள் ஜாப்பின் மாற்றப் பட்டியலில் கலந்து, உடைந்த பில்டுக்கான மின்னஞ்சல் சம்பந்தமில்லாதவர்களுக்குப் போவதை நிறுத்தும்.

திருத்திய ஜென்கின்ஸ்ஃபைலைப் புஷ் செய்த பில்டு அந்த ஸ்டேஜையும் தாண்டி வெற்றியாக முடிய வேண்டும். போலிங் பட்டியல் முந்தைய பில்டிலிருந்து எடுக்கப்படுவதால், அதுவரை பழைய பட்டியல்தான் நடப்பில் இருக்கும். அதற்குள் தரவு ரெப்போவில் புஷ் வந்தால் இன்னொரு முறை ஓடத்தான் செய்யும்.